கோடு

கோபி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடையில்
நான் மெதுவாகத்தான் கேட்டேன்.
கடைக்காரர் அதை உள்ளறைப் பையனுக்குச்
சத்தமாகச் சொன்னார்.
பிறகு, "ஆருக்குங்க அம்மிணி?"
எனக்கு என்றேன்.
நின்றவர்கள் பேச்சை நிறுத்தியது
நன்றாகவே கேட்டது.
வெள்ளைக்கோலை மடக்கி வைத்திருக்கலாம்.
மடக்கினால் மட்டும்?

அட்டைப்பெட்டிக்குள் காகிதம்.
தடவினால் வழுவழு.
புள்ளிகளில் படிக்கிறவள் நான்.
என் வயிற்றின் சேதியை
எவனோ கோடுகளில் எழுதி வைத்திருக்கிறான்.
ஒன்று என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு.
அதெல்லாம் தெரியும்.
வந்தது எது என்பதுதான் தெரியாது.

விடுதியில் மௌனிகாவிடம் காட்டலாம்.
எனக்கு முன்னால் அவள் முகத்துக்குத் தெரிந்துவிடும்.
போனைத் தூக்கிப் பிடித்தேன்.
"மேசை. மேசைமேல் வெள்ளைப் பொருள்" என்றது.
தினகரனிடம் காட்டலாம்,
அவனுக்கும் பார்வை கிடையாது.
ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கை
மாற்றி மாற்றி வாங்கி
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பிறகு அவன் என் விரல்களை எண்ணத் தொடங்கினான்,
பத்துதானா என்று பார்ப்பதுபோல.

பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்த அன்று
"படம் வரையற பாடம், உங்களுக்கு விலக்கு" என்று
எங்கள் ஏழு பேரையும் வராந்தாவில் உட்காரவைத்தார் டீச்சர்.
உள்ளே வகுப்பு கிசுகிசுத்துச் சிரித்தது.
வீட்டில் மாதம் மூன்று நாள் விலக்கு,
பள்ளியில் ஒரேயடியாக விலக்கு.
என் உடம்பைப் பற்றி நான் எழுதாத விடைக்கு
முழு மதிப்பெண் போட்டார்கள்.

சத்தி பஸ்ஸில் ஏற்றிவிடுகிற கைகள் உண்டு.
பாதிக் கைகள் தங்கம்.
சில கைகள் முழங்கையோடு நிற்காது.
"கண்ணுத் தெரியாத புள்ளைங்க, புடிச்சு ஏத்தியுடறேன்"
வண்டிக்கே கேட்கும்படி வாய் சொல்ல
கை வேறு வேலை பார்க்கும்.
போன ஆடியில் புகார் கொடுத்தேன்.
ஆள் எப்படி இருந்தான் என்றார்கள்.
வலது பெருவிரல் நகம் பிளந்திருந்தது,
சட்டையில் மஞ்சள் மண்டி வாசம்,
மூச்சில் பாக்கு,
இரும்புப் பட்டைக் கடிகாரம், அதுவும் தளர்ந்தது.
பேனா ஓடுகிற சத்தம் நின்றது.
"நிறம் சொல்லுங்க."

கடைசியில் அரசு மருத்துவமனை.
டாக்டரம்மா கேட்டார்:
"இந்தப் பொண்ணு கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்போ?"
கேட்டது என்னையல்ல,
ஒன்பதாம் அறைவரை கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரை.
"எனக்கு எப்புடீங்க தெரியும்" என்று
அந்த மனுசன் ஓடியே போனார்.
தேதியை நான் சொன்னேன்.
கல்யாணம் ஆயிருச்சா என்றார், சொன்னேன்.
உனக்கா என்றார்.
அதற்கு என்ன சொல்ல?

செவிலி ஜெபராணிக்கு என் வயதுதான் இருக்கும்.
"கையைத் தொடலாமுங்களா?" என்றாள்.
இருபத்தேழு வருசத்தில்
அதைக் கேட்ட இரண்டாவது ஆள்.
ஊசிக்கு முன் ஊசி என்றாள்,
பஞ்சுக்கு முன் குளிரும் என்றாள்.
ஆணுறை ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து
சுருள் எந்தப் பக்கம் உருள்கிறது என்று
தடவிப் பார்க்கச் சொன்னாள்.
"வெக்கப்படாதீங்க.
கண்ணு இருக்கறவங்களும் இருட்டுல
வெரலாலதானுங்க பாக்கறாங்க."
எனக்கு வெட்கம் வரவில்லை.
கோபம்தான் வந்தது,
வராந்தாவில் உட்கார்ந்த அந்த மத்தியானத்தின்மேல்.

அரை மணி கழித்து வந்தாள்.
வரிசையில் இன்னும் எட்டுப் பேர்.
வாய் திறக்கவில்லை.
என் உள்ளங்கையை விரித்து
நகத்தால் கோடு இழுத்தாள்.

எத்தனை என்று கேட்கிறீர்களா?
மருந்துக்கடைக்காரரும் மறுநாள் கேட்டார்.
கையை மூடிக்கொண்டு
பஸ் ஏறினேன்.